"ஆப் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதாதீர்கள்

பஸ் டிக்கெட் ஆப்பில் வேலூர், மதுரை என்று ஊர் போட்டு, தேதி கொடுத்து, பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் வரை டாக்பேக் (பார்வையற்ற நமக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் ஆண்ட்ராய்டு வசதி) ஒழுங்காகப் படிக்கும். சீட் திரைக்கு வந்ததும் நின்றுவிடும். விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள "அன்லேபிள்டு, பட்டன்", "அன்லேபிள்டு, பட்டன்" (பெயர் வைக்காத பட்டன்) என்று 36 தடவை. எது ஜன்னலோரம், எது காலி, எது பெண்கள் சீட், ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் நிறத்தில் மட்டுமே காட்டியிருப்பார்கள். சில ஆப்களில் சீட் படம் முழுவதையும், தனித்தனி பட்டன் இல்லாமல், ஒரே கேன்வாஸாக வரைந்துவிடுகிறார்கள். அங்கே டாக்பேக்குக்குத் தொட ஒன்றுமே இருக்காது. பணம் கட்டும் பட்டனுக்குத் தாவிவிடும்.

இதற்கு நம்மவர்கள் அனுப்பும் புகார் பெரும்பாலும் ஒரே வரி: "உங்கள் ஆப் பார்வையற்றோருக்கு வேலை செய்யவில்லை." உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும் கஸ்டமர் கேர் ஊழியருக்கு டாக்பேக் என்ற பெயரே புதிது. "அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள்" என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிடுவார். டெவலப்பர் கண்ணில் அது படுவதே இல்லை.

டெவலப்பர் கைக்குப் போய்ச் சேருகிற புகார் இப்படி இருக்கும். எந்தத் திரை, அங்கே போக எதை எதைத் தட்டவேண்டும். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, டாக்பேக் பதிப்பு, ஆப் பதிப்பு. இப்போது என்ன சொல்கிறது: "அன்லேபிள்டு, பட்டன்". என்ன சொல்லவேண்டும்: "12, ஜன்னலோரம், காலி, 850 ரூபாய், பட்டன்". இந்தக் கடைசி வரிதான் முக்கியம். டெவலப்பர் அதை அப்படியே எடுத்து கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனில் (டாக்பேக் படிப்பதற்காக பட்டனுக்கு எழுதும் விளக்கம்) போட்டுவிடலாம், அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. கூடவே ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்புங்கள். ஒலியை மைக்ரோபோன் என்று வைத்து, பேச்சை ஸ்பீக்கரில் விட்டு எடுத்தால் டாக்பேக் குரல் தெளிவாகப் பதிவாகும். கம்ப்யூட்டரில் என்விடிஏ (திரையைப் படித்துக்காட்டும் விண்டோஸ் மென்பொருள்) என்றால் இன்செர்ட் கீயையும் N கீயையும் சேர்த்து அழுத்தி, டூல்ஸில் ஸ்பீச் வியூவரைத் திறந்தால் படித்தது எழுத்தாகவே வரும். காப்பி செய்து ஒட்டிவிடலாம்.

இன்னொன்று, டாக்பேக்கை நிறுத்துவது எப்படி என்றும் எழுதிவிடுங்கள். முதல்முறை போட்டுப் பார்க்கும் டெஸ்டருக்கு ஒரு தட்டில் எதுவும் திறக்காது. இரண்டு தட்டு தட்டவேண்டும், திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் மாட்டிக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, புகாரையும் விட்டுவிடுகிறார்கள்.

"உங்கள் போனில்தான் கோளாறு" என்ற பதிலுக்கும் வழி உண்டு. குடியாத்தத்தில் ஒருவர், ஆற்காட்டில் ஒருவர், ஆம்பூரில் ஒருவர், மூன்று கம்பெனி போனில் அதே திரையைப் பார்த்து ஒரே மெயிலில் மூன்று முடிவையும் சேருங்கள். மெயில் முகவரி பிளே ஸ்டோரில் அந்த ஆப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு ஸ்டார் ரிவ்யூவை முதலிலேயே போடவேண்டாம் என்பது என் கருத்து. பதில் வராவிட்டால் அப்புறம் போடலாம்.

காட்பாடி பக்கம் காலேஜில் படித்துக்கொண்டே ஆப் செய்யும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. லேபிளில் "தேடு பட்டன்" என்று எழுதாதீர்கள். டாக்பேக் தானே பட்டன் என்று சேர்த்துக்கொள்ளும், "தேடு பட்டன், பட்டன்" என்று கேட்கும். பணம் கட்ட மீதி நேரம் காட்டும் கடிகாரத்தை லைவ் ரீஜன் (மாறும்போதெல்லாம் டாக்பேக் தானாகவே படிக்கும் பகுதி) ஆக்கினால் நொடிக்கு நொடி கத்தி, கார்டு எண் போடவே விடாது. சிவப்பில் வரும் பிழைச் செய்தியோ நேர் எதிர், அதற்குத்தான் லைவ் ரீஜன் வேண்டும். தமிழ்ப் பக்கத்துக்கு மொழி 'டிஏ' என்று குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய்த் திணறும். சோதித்துப் பார்க்கச் செலவில்லை: டாக்பேக் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது, என்விடிஏ இலவசம்.

இதெல்லாம் ஆப் கம்பெனிகள் நமக்குச் செய்யும் தயவு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, அணுகல் விதிகளின்படி சேவை தரவேண்டும் என்கிறது; சேவை தருபவர்கள் அரசானாலும் தனியாரானாலும் அது பொருந்தும். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அது, கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையை எதிர்த்துப் போன வழக்கு. மெயிலில் இந்த இரண்டையும் இரண்டு வரியில் குறிப்பிட்டால் போதும், மிரட்டவேண்டாம். பதிலே வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அனுப்பிய மெயில்கள்தான் அங்கே ஆதாரம்.

சரிசெய்துவிட்டால் நன்றி சொல்லுங்கள், கூடவே இந்தத் திரையை ரிலீஸுக்கு முந்தைய டெஸ்ட் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். டிசைன் மாறும்போது லேபிள் காணாமல் போவது வழக்கம். அடுத்த அப்டேட் வந்த அன்றே அதே 12-ஆம் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். மறுபடி "அன்லேபிள்டு" என்றால், புது மெயில் வேண்டாம். எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எந்தப் பதிப்பில் போயிற்று என்று இரண்டு எண்ணையும் போட்டு, பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள்.