மேளம் மட்டும்தான் உறுத்துகிறதா?

போகியும் முடிந்தது, பொங்கலும் முடிந்தது. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் புகைச்சல் ஓயவில்லை. போகி விடியலில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் நாலு பேர் மேளம் தட்டினார்கள்; சத்தம் தாங்கவில்லை என்று குழுவில் புகார் கிளம்பியது. பிள்ளைகளின் கையிலிருந்து போகி மேளத்தைப் பிடுங்கச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். “விடியற்காலையில் சாவு மேளம் போல இருக்கிறது” என்று ஒரு பெரியவர் எழுதினார். அதற்கு வரிசையாக விழுந்த கட்டைவிரல்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

சத்தம்தான் பிரச்சினை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். மார்கழி முழுக்க விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டோம். குழுவில் கும்பிடும் கைகள் வந்தன, புகார் வரவில்லை. பக்கத்து மண்டபத்தில் அதிகாலை முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் கொட்டினால் அது மங்கல ஒலி. ஆண்டுக்கு ஒரே ஒரு விடியலில் நாலு பொடியன்கள் கையடக்க மேளத்தைத் தட்டினால் மட்டும் நெஞ்சு படபடக்கிறது!

சட்டம் பேசுவார்கள், தெரியும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. நானும் படித்தவள்தான். அந்த விதி ஒலிபெருக்கிக்கும் சேர்த்துத்தான் ஐயா. “ஆறு மணிக்கு மேல் அடியுங்கள்” என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்களா? கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவுப் பணி முடித்து வந்தவர் என்றால் அது நியாயமான சிரமம். ஆனால் அவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன். இன்னொருவர் புகையைப் பற்றிக் கட்டுரையே எழுதிவிட்டார். 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் தடுமாறியது எனக்கும் நினைவிருக்கிறது. டயர் எரிப்பவனைப் பிடியுங்கள். மேளத்திலிருந்து புகை வராது.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மேளத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மண் வளையத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல், இரண்டு மெல்லிய குச்சிகள். மார்கழிப் பனியில் தோல் தளர்ந்து ‘தொப் தொப்’ என்றுதான் முதலில் கேட்கும். போகி நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும். கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் வெடித்துவிடும். பதம் பார்த்து எடுத்துத் தட்டினால் ‘டண்’ என்று தெருமுனை வரை கேட்கும். அந்தப் பதத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் தாத்தா. விரல் நுனியால் தோலைச் சுண்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்பார்.

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் பறை அடித்தவர். நீங்கள் சொல்கிறீர்களே, அந்தச் சாவு மேளம்தான். பிணம் எடுக்கும் வரை அடித்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கியவர். ஆள் வேண்டும், அடி வேண்டும், வாசலைத் தாண்டி மட்டும் வரக் கூடாது. இப்போது சொல்லுங்கள், உறுத்துவது சத்தமா?

“எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்காதீர்கள்” என்று உடனே ஒருவர் வருவார். நான் பார்க்கவில்லை, அந்த வாக்கியத்தை எழுதியவர் பார்த்தார். சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவை அறிவிக்க முரசை யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள். யானை மேல் ஏறிய தோலுக்கு இன்று லிப்டில் ஏற அனுமதி இல்லை.

உள்பெட்டிக்கு வந்தவர்கள் இன்னும் இனிமையானவர்கள். “போகியே பழையதை விடுவதற்குத்தானே, நீங்களும் விட்டுவிடுங்களேன்.” பழையன கழிதலும் என்று வாழ்த்துப் படம் அனுப்பியவர்களும் இவர்களே. பாவம், நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இலக்கணத்துக்குச் சொன்னதை வைத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் போகிக்குக் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும்தான் நெருப்புக்குப் போகும். அதற்கு மேல் விட எங்களிடம் எதுவும் இருந்ததில்லை.

போகிக்குச் சொல்லும் கதையையாவது ஒழுங்காகப் படியுங்கள். இந்திரனை விட்டுக் கோவர்த்தன மலையைக் கும்பிடச் சொன்னான் கண்ணன். இந்திரன் ஏழு நாள் மழையைக் கொட்டினான். மலையைக் குடையாகப் பிடித்தான் கண்ணன். கடைசியில் விட்டது யார்? ஆயர்களா? தேவர்களுக்கு அரசன்தான் தன் கர்வத்தை விட்டான். ஆயர்களிடம் போய் “மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், விட்டுவிடுங்கள்” என்று யாரும் சொல்லவில்லை. இங்கே மட்டும் மழை கொட்டியவர் குடைக்குள் உட்கார்ந்துகொண்டு, நனைந்தவர்களுக்குப் பெருந்தன்மை கற்றுத் தருகிறார்.

நான் விடுவதாக இல்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று இதையே கேட்பேன்: மார்கழி ஒலிபெருக்கி பற்றிச் சங்கத்துக்கு எத்தனை புகார் வந்தது? அந்த “சாவு மேளம்” வாக்கியத்தைக் குழு நிர்வாகி இன்னும் ஏன் நீக்கவில்லை? பதிலை எழுத்தில் கொடுங்கள். கட்டைவிரல் வேண்டாம்.