1978-ல் திருத்தியும் அமலுக்கு வராத பிரிவு

அரசமைப்புச் சட்டம் எதற்கு என்று கேட்டால் பலர் முகவுரையை ஒப்பிப்பார்கள். முகவுரை அழகானதுதான். ஆனால் ஆட்சியில் இருப்பவர் கையைக் கட்டிப்போடுவது உள்ளே இருக்கும் காலக்கெடுவும், கையெழுத்தும், ஓட்டுக் கணக்கும். அவை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1975 ஜூன் 25 இரவு காட்டியது.

எமர்ஜென்சியை அறிவிக்க அன்றைய 352-ஆவது பிரிவுக்கு 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணமே போதும். எது குழப்பம் என்று வரையறை இல்லை. பிரதமர் கேட்டார், குடியரசுத் தலைவர் இரவே கையெழுத்திட்டார், அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். நாடாளுமன்றம் இரண்டு மாதத்துக்குள் சாதாரணப் பெரும்பான்மையில் ஒப்புதல் தந்தால் போதும். அதன்பின் கெடுவே கிடையாது. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், விசாரணையின்றி அடைத்து வைக்க உதவிய 'மிசா' சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு (அடைபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) செல்லாது என்று 4-க்கு 1 கணக்கில் தீர்ப்பளித்தது. (நம் ஊரில் 'மிசா'வைப் பெயருக்கு முன்னால் பட்டம்போலப் போட்டுக்கொண்டவர்களே உண்டு.)

ஜனதா ஆட்சியின் 44-ஆவது திருத்தம் இந்த ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை முடிவு எழுத்தில் இருந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்டு. குற்ற வழக்கில் தண்டிப்பதற்கு வரம்பு வைக்கும் 20, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமையை எமர்ஜென்சியிலும் நிறுத்த முடியாது.

இதே திருத்தத்தில், குற்றம் செய்யக்கூடும் என்று சொல்லி விசாரணையில்லாமல் முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் பற்றிய 22-ஆவது பிரிவையும் மாற்றினார்கள். காவல் ஆணைக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் கருத்தைப் பெறாமல் ஒருவரை அடைத்து வைக்கும் உச்சவரம்பு மூன்று மாதத்திலிருந்து இரண்டாகும். கழகத்தின் தலைவர் பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பார். உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைப்பார். இந்தப் பகுதி இன்றுவரை அமலுக்கு வரவில்லை. அமலுக்கு வரும் தேதியைக் குறிக்கும் பொறுப்பை மத்திய அரசிடம் விட்டுவிட்டதுதான் கோளாறு. தடுப்புக் காவலை எதிர்த்து நடந்த ஏ.கே. ராய் வழக்கில், தேதி குறிக்கும்படி அரசுக்கு உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆணையைச் சரிபார்க்கும் அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூடக் கிடையாது. அந்தக் கழகத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

22-ஆவது பிரிவின் மாற்றத்தை அமலாக்கப் புதுத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டாம். அரசிதழில் ஒரு அறிவிக்கை போதும். டெல்லியில் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் ஒருவரும் அதை வெளியிடவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது தடுப்புக் காவலைத் திட்டுவதும், ஆட்சிக்கு வந்தபின் அதே ஆணையில் கையெழுத்திடுவதும் கட்சி பேதமில்லாமல் நடக்கிறது. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: 22-ஆவது பிரிவை மாற்றும், 44-ஆவது திருத்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுக்கு எப்போது தேதி குறிப்பீர்கள்?