இனிஷியலைத் தூக்கிவிடாதீர்கள்

கண் ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டில் ஓய்வில் இருக்கிறார். படிக்கக் கூடாது, டிவியும் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை "சீனிவாஸ் பாட்டு ஏதாவது போடும்மா" என்று என் மகளிடம் கேட்டார். அவளும் ஆசையாகப் போனில் தேடிப் போட்டாள். முதலில் 'படையப்பா'வின் 'மின்சாரக் கண்ணா' வந்தது, அடுத்து மாண்டலின் கச்சேரி. அப்பா கேட்டது பழைய சினிமாப் பாடகர் பி.பி.ஸ்ரீனிவாஸை. அந்தச் செயலியில் இவர், 'மின்சாரக் கண்ணா' பாடியவர், மாண்டலின் வாசித்தவர் என்று மூன்று ஸ்ரீனிவாஸ்களும் ஒரே பெயருக்குக் கீழே கிடக்கிறார்கள். மூன்று பேருமே பெரிய கலைஞர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'நிலவே என்னிடம் நெருங்காதே' பாட்டுக்காகக் காத்திருந்த மனிதர், "போதும்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

அந்த 'பி.பி.' வெறும் இரண்டு எழுத்தா? பிரதிவாதி பயங்கரம் என்ற வைணவப் பரம்பரையின் பெயர் அது. கதீட்ரல் ரோட்டில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. சட்டைப்பை நிறையப் பேனாக்களோடு அவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்த சென்னைக்காரர்கள் எத்தனையோ பேர். அந்த மனிதரை அடையாளம் காட்டுகிற இரண்டு எழுத்தை இடம் போதவில்லை என்று வெட்டினால் எப்படி?

நம் முன்னோர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருந்தது. மணி ஐயர் என்ற பெயரில் இரண்டு பேர், இருவரும் 1912இல் பிறந்தவர்கள், இருவரும் சங்கீத கலாநிதிகள். ஒருவர் பாட்டு, ஒருவர் மிருதங்கம். மதுரை மணி, பாலக்காடு மணி என்று ஊரைச் சேர்த்துச் சொன்னார்கள், குழப்பமே இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் இனிஷியலில் மதுரையும் இருக்கிறது, அவருடைய தாய் சண்முகவடிவும் இருக்கிறார். அதை எடுத்துவிட்டால் ஒரு வீணைக் கலைஞரின் பெயரையே அழித்தது போல ஆகும்.

சினிமாவிலும் அந்த அக்கறை இருந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது பஞ்சு அருணாசலம் ராஜாவுக்கு முன்னால் 'இளைய' என்று சேர்த்ததற்குக் காரணம், பாடகரும் இசையமைப்பாளருமான ஏ.எம்.ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததுதான். மூத்தவருக்கான இடத்தை விட்டுவைத்து, புதியவருக்கு ஒரு பெயர். எவ்வளவு அழகான மரியாதை!

பாட்டுக்கும் இதே கதிதான். 'துள்ளாத மனமும் துள்ளும்' என்று தேடிப் பாருங்கள், 1999இல் வந்த விஜய் படத்தின் பாடல்கள் வரிசையாக வந்து நிற்கும். 1959இல் 'கல்யாணப் பரிசு' படத்துக்காகப் பட்டுக்கோட்டையார் எழுதி, ஏ.எம்.ராஜா இசையமைத்து, ஜிக்கி பாடிய பாட்டு எங்கேயோ அடியில் கிடக்கும். 'அன்பே அன்பே' என்று தொடங்கும் பாட்டு 1998இல் மட்டும் 'ஜீன்ஸ்', 'உயிரோடு உயிராக' இரண்டிலும் உண்டு.

பாட்டைப் பதிவேற்றுகிறவர்களிடமும் பகிர்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இனிஷியலோடு முழுப்பெயர், படம், வருஷம், எழுதியவர், இசையமைத்தவர், எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு நிமிஷ வேலை. வயதானவர்கள் நம்மை நம்பித்தான் கேட்கிறார்கள்.

அன்று ராத்திரி முழுப்பெயரையும் அடித்துத் தேடி, அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். அப்புறம் "ராஜா பாட்டு ஒண்ணு போடேன்" என்றார். என் மகள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்த ராஜா தாத்தா?" என்று கேட்டாள்.