பாட்டெழுதக் கற்றுத்தர முடியாதாம்

அந்த மேடைப் பேச்சின் காணொளித் துண்டை என் பெயரைக் கோத்து இத்தனை பேர் பகிர்ந்திருப்பதால், பாட்டெழுத வகுப்பு நடத்தும் நானும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. "பாட்டு ஒரு வரம், அதைக் கற்றுத்தருகிறேன் என்று வகுப்பு நடத்துகிறவன் ஏமாற்றுக்காரன்" என்று அந்த மூத்த பாடலாசிரியர் சொன்னதைவிட, அதற்கு எழுந்த கைதட்டல்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. அதே மேடையில் அமர்ந்திருந்த பாடகருக்குக் குரு உண்டு. மிருதங்கம் வாசித்தவருக்கும் உண்டு. அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதால் அவர்களுடைய கலை யாருக்கும் குறைவாகத் தெரியவில்லை. வரி எழுதுகிறவர் மட்டும் வானத்திலிருந்து குதித்திருக்க வேண்டும்.

பாட்டெழுதுவதில் கற்றுத்தரக்கூடிய பகுதி உண்டு, அது சிறிய பகுதியும் அன்று. நான் சொல்வது இவ்வளவுதான்.

என் மாணவி ஒருவர் மெட்டுக்கு எழுதிய பல்லவி, "ஜன்னல் தேடி வந்த காற்று" என்று முடிந்தது. படித்தால் குறை தெரியாது. ஆனால் மெட்டு அந்தக் கடைசி எழுத்தில் நான்கு தட்டுகளுக்கு நீண்டு நின்றது. 'காற்று' என்பதன் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம். தொல்காப்பியக் கணக்கில் அதற்கு அரை மாத்திரைதான். அதை நான்கு தட்டுக்கு இழுத்தபோது 'காற்றூ' என்று ஊளையிடுவதுபோல் கேட்டது. "இந்த இடத்துக்கு நெடில் வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, "ஜன்னல் தேடி வந்த காற்றே" என்று மாற்றினார். ஓசை சரியானது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுவரை காற்றைப் பற்றிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த பாட்டு, காற்றிடமே பேசத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதிய சரணங்கள் வேறு தரத்தில் வந்தன. அந்தச் சரணங்களை நான் கற்றுத்தரவில்லை. ஆனால் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

மெட்டு சமத்தில் (தாளம் தொடங்கும் தட்டிலேயே) எடுக்கிறதா, அனாகதத்தில் (அதற்குச் சற்றுப் பின்) எடுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது, மெட்டின் அளவைக் காட்டும் 'தனனா தானா' போன்ற தத்தகாரத்தைத் தாளில் எழுதி அதன் மேல் சொற்களைப் பொருத்திப் பார்ப்பது, எதுகைக்காகப் பொருளைப் பலிகொடுத்திருக்கிறோமா என்று கண்டுபிடிப்பது ஆகிய அனைத்தும் பயிற்சியால் வருபவை.

"காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்றே" என்ற பழைய வரியைப் பின்னூட்டத்தில் எனக்கு எடுத்துக்காட்டிய நண்பருக்கு நன்றி. 'காரிகை'க்குப் 'பேரிகை' என்று எதுகையைக் குறி தவறாமல் வைத்திருக்கிறாரே, அந்த வரியை எழுதியவர் அதை எங்கே கற்றார் என்றும் தாங்களே விசாரித்துச் சொன்னால் மகிழ்வேன். அந்த வரி சொல்லும் காரிகை, யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை. அதை இயற்றிய அமிதசாகரர், பாட்டின் இலக்கணத்தைப் பாட்டாகவே எழுதிக் கற்றுத்தந்தவர். அவரையும் ஏமாற்றுக்காரர் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

வேறு மொழிச் சான்றுதான் வேண்டும் என்பவர்களுக்கு, அமெரிக்க இசைநாடக உலகின் பாடலாசிரியர் ஸ்டீபன் சாண்ட்ஹைம் இருக்கிறார். பள்ளி மாணவராக இருந்தபோது தாம் எழுதிய இசைநாடகத்தை, அத்துறையின் மூத்த பாடலாசிரியரான ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அது மிக மோசம் என்று சொன்ன ஹேமர்ஸ்டைன், ஏன் மோசம் என்பதையும் அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். பிறகு நான்கு இசைநாடகங்களை எழுதிப் பழகச் சொன்னார்: பிடித்த நாடகம் ஒன்றிலிருந்து, குறையுள்ளதாகத் தோன்றும் நாடகம் ஒன்றிலிருந்து, நாடகமாக இல்லாத கதை ஒன்றிலிருந்து, கடைசியாகச் சொந்தக் கற்பனையிலிருந்து. இதற்குப் பெயர் பாடத்திட்டம் இல்லையென்றால் வேறென்ன?

வகுப்புக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் எழுதுகிறார்கள் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. தொடக்கத்தில் ஆசிரியரின் சொற்களே மாணவர்களுக்கும் வரும். அதை உடைப்பதும் ஆசிரியரின் வேலைதான். ஆனால் வகுப்புக்கே போகாதவர்கள் எழுதும் பாடல்களில் வரும் அதே நிலா, அதே மழை, அதே 'உயிரே' எல்லாம் எந்த அச்சில் வார்த்தவை என்பதையும் யாராவது சொல்லலாம். கட்டணம் வாங்குகிறேன் என்ற குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வாங்குகிறேன்.

"உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் திரைப்படத்துக்கு எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள், பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தைகளிடமும் எத்தனை படத்தில் பின்னணி பாடினாய் என்று கேட்பார்களா என்று தெரியவில்லை. உண்மையில் என்னை வருத்துவது வேறு. அந்த மூத்தவர் தாம் வளர்ந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், இசையமைப்பாளருக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்து, ஒரே மெட்டுக்குப் பல்லவி பல்லவியாக எழுதிக் கொடுத்து, "இது ஒட்டவில்லை" என்று திருப்பித் தரப்பட்டுத் தேறியதைப் பெருமையோடு சொல்வார். அது வகுப்பு இல்லையா? கரும்பலகை இல்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. அந்த அறைக்குள் நுழைய ஒருவருக்கு ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும்; சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; நள்ளிரவு வரை இசைக்கூடத்தில் இருந்துவிட்டுத் தனியாக வீடு திரும்ப வேண்டும். இவை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, பெண்களுக்கு இன்னும் குறைவு. தமக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்துக்கு வரம் என்று பெயர் சூட்டிவிட்டால், அதன் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

"அதெல்லாம் தானாக வர வேண்டும்" என்று நேற்று முழுக்க எழுதிக்கொண்டிருந்தவர்களில் சிலர், தம் பாடல்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பித் திருத்தம் வாங்கிக்கொண்டவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் திருத்திய பிரதிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் ஒற்று விட்ட இடங்கள் உட்பட.