அந்த ஐனு படம் இசபெல்லா பேர்ட் எடுத்ததன்று

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பழங்குடியினரான ஐனு மக்களைக் காட்டும் ஒரு புகைப்படத்தை, ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்ட் 1878-இல் தம் கேமராவில் எடுத்தார் என்று இணையத்தில் சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியன்று. அந்த ஆண்டில் அவர் அங்கே போனது உண்மை. ஆனால் அப்போது அவர் புகைப்படக்காரர் அல்லர். 1890-களில், அறுபது வயதை ஒட்டித்தான் அக்கலையைக் கற்றார்.

இதைச் சரிபார்ப்பது எளிது. 1880-இல் வெளிவந்த அவருடைய ஜப்பான் பயணநூல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முன்னுரையைப் படியுங்கள். மூன்று படங்கள் ஜப்பானிய ஓவியர் வரைந்தவை, மற்றவை தம் கோட்டோவியங்களையோ ஜப்பானியப் புகைப்படங்களையோ பார்த்துச் செதுக்கியவை என்று அவரே சொல்கிறார்.

அவர் உண்மையிலேயே எடுத்த படங்களைப் பார்க்க விரும்புவோர் சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் தாம் செய்த பயணம் பற்றி அவர் எழுதி 1899-இல் வந்த நூலைப் புரட்டலாம். பகலெல்லாம் பயணம், இரவில் படகிலேயே படங்களைக் கழுவும் வேலை. அலசுவதற்குச் சேறு கலந்த ஆற்று நீர். அவ்வளவு உழைத்தவருக்கு அந்தப் படங்களே போதிய பெருமை. ஜப்பானியப் புகைப்படக்காரர்களின் உழைப்பையும் அவர் பெயரில் எழுத வேண்டாம். அந்தப் படத்தைப் பதிவிட்டவர்கள் தலைப்பைத் திருத்தினால் நன்றாக இருக்கும்.