கூப்பிட்டால் வரும் வேன்: முதலில் ஒரு மணி நேரக் கணக்கு

"காலியாக ஓடுற கிராமத்து பஸ்ஸை நிறுத்திட்டு, ஆப்பில் கூப்பிட்டா வாசலுக்கே வர்ற வேனை விடுங்க, செலவு மிச்சம்" என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் போடுவதே இல்லை. ஒரு வேன் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றும்?

ஆள் நிற்கும் இடத்துக்கு வேன் காலியாகப் போக 8 நிமிடம். அவர் வந்து ஏற 2. பத்து கிலோமீட்டர் தூரம், சராசரி வேகம் 40 என்றால் 15. இறங்க 1. ஆக 26 நிமிடம். தனித்தனியாக ஏற்றினால் மணிக்கு 2 பேர். வழியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால் 3, 4 ஆகும். வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதியில் 5 ஐத் தொடுவதே பெரிய காரியம். வண்டி சின்னதானாலும் டிரைவர் சம்பளம் சின்னதாகாது. டீசலில்தான் கொஞ்சம் மிஞ்சும். மணிக்கு 8 பேர் ஏறும் "காலி" பஸ், தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் பல இடங்களில் வேனைவிட மலிவு.

பஸ்ஸில் ஒன்பதாவது ஆள் ஏறினால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. வேனில் ஒவ்வொரு புது ஆளுக்கும் புது நிமிடங்கள் வேண்டும். கனடாவின் இன்னிஸ்ஃபில் என்ற ஊர், பஸ்ஸே விடாமல் 2017 இல் ஊபர் பயணத்துக்கு மானியம் கொடுத்தது. ஆட்கள் பெருகினார்கள். 2019 இல் கட்டணத்தை ஏற்றி, ஆளுக்கு மாதம் 30 பயணம் என்று வரம்பும் போட்டார்கள். பஸ்ஸில் ஏற யாராவது வரம்பு போடுவார்களா? அமெரிக்காவின் வில்சன் என்ற ஊர் 2020 இல் எல்லா பஸ் ரூட்டையும் எடுத்துவிட்டு வேனுக்கு மாறியது, பயணிகள் கூடினார்கள். உண்மைதான். ஆனால் அது நகரம். பயண தூரம் குறைவு.

கிராமத்தில் முதலில் உடைவது காலை நேரம். 8:30 மணிக்குள் 40 பேர் ஒரே பக்கம் போக வேண்டும் என்றால் 14 சீட் வேன் மூன்று வேண்டும். மீதி நாளெல்லாம் அவை சும்மா நிற்கும். அதனால் காலை, மாலை ட்ரிப்களில் கை வைக்காதீர்கள். நடுப்பகலிலும் இரவிலும் வேனை விடுங்கள், அது நியாயம்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி: டைம்டேபிளோடு ஓடி, கேட்டால் மட்டும் ரூட்டை விட்டு விலகிப் போய்வரும் பஸ். இரண்டு முக்கிய ஸ்டாப்புகளுக்கு நடுவே 20 நிமிட ஓட்டம் என்றால் அட்டவணையில் 30 போட வேண்டும். அந்த 10 நிமிடத்தில் தலா 3 நிமிடமாக மூன்று விலகல். நான்காவதாகக் கேட்பவருக்கு முடியாது என்றே சொல்ல வேண்டும். இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டால் பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய ரயில் போய்விடும். புக்கிங் ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும், கடைசி நிமிடத்தில் வந்தால் ஆட்களைச் சேர்த்துப்போட முடியாது. ஆப் போதாது, போன் நம்பரும் வேண்டும். போகும்போதே திரும்பும் பயணமும் உறுதியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்ப வண்டி இல்லாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

வண்டி விடும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒன்றை மறக்காமல் எழுதிக் கேளுங்கள்: மறுக்கப்பட்ட புக்கிங்குகளின் முழுக் கணக்கு. "சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம்" என்று அறிக்கை வரும். அது வண்டி கிடைத்தவர்களின் சராசரி. "இப்போது வண்டி இல்லை" என்று பார்த்து ஆப்பை மூடியவர் அதில் வரவே மாட்டார்.