எந்தச் சிலை, யார் வெச்ச சிலை?

நேத்து ராத்திரியிலேர்ந்து அந்த வீடியோவை ஆளுக்கு ஒரு தடவை எனக்கு அனுப்பிட்டிருக்கீங்க. பார்த்துட்டேன். போதும். தேனி மாவட்டம் லோயர்கேம்ப் மணிமண்டபத்துல, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின வெள்ளைக்கார இன்ஜினீயர் பென்னிகுவிக்கோட சிலைக்கு மாலை போட்டு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டுக் கும்பிடுற ஒரு பெரியவர். அவருக்குத் தெரியாமப் படம் பிடிச்சு, மேல "வெள்ளைக்காரன் போயிட்டான், அடிமைப் புத்தி போகல"ன்னு ஒரு வரி. விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் வேற. நல்லா இருங்க சாமிகளா.

நான் ஒண்ணும் சிலைப் பித்தன் கிடையாது. ஊருக்கு ஊர் சிலையை வெச்சு, அப்புறம் அதுக்குக் கூண்டு போட்டு, கூண்டுக்குப் போலீஸ் காவல் போடுற கூத்தெல்லாம் எனக்கும் எரிச்சல்தான். ஆனா ஒரு சிலையைத் திட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. யாரோட சிலை? யார் வெச்சது? எதுக்கு வெச்சது? கல்லுல செதுக்கின மூக்கு நீளமா இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு மொத்தமா ஒரே சாக்குல கட்டாதீங்க.

சென்னை மவுண்ட் ரோட்டுல நீல்னு ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரிக்குச் சிலை இருந்துச்சு. 1857 கிளர்ச்சியை அடக்குறேன்னு அலகாபாத் பக்கம் கிராமம் கிராமமா எரிச்சவன். கான்பூர்ல கைதிகளைத் தரையில காய்ஞ்சிருந்த ரத்தத்தை நக்க வெச்சு, அப்புறம் தூக்குல போட்டவன். 1861-ல அவனுக்குச் சிலை வெச்சது அவனோட ஆளுங்க. நம்ம நெஞ்சுல மிதிக்கிறதுக்குன்னே வெச்சது. 1927-ல அதை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்துச்சு. கடலூர் அஞ்சலையம்மாள் சின்னப் பிள்ளையா இருந்த மகளோட சேர்ந்து ஜெயிலுக்குப் போனாங்க. கடைசியா 1937-ல ராஜாஜி ஆட்சியில அதைப் பெயர்த்து மியூசியத்துக்குக் கொண்டுபோனாங்க. அந்த அம்மா கையில சுத்தியலைக் கொடுத்து இந்தச் சிலையையும் உடைன்னு யாராவது சொல்லியிருப்பீங்களா? நீலும் பென்னிகுவிக்கும் ஒண்ணா உங்களுக்கு?

பென்னிகுவிக்குக்குச் சிலை வெச்சது எந்த லண்டன் துரையும் இல்ல. அவர் 1911-லயே செத்துப்போயிட்டார். லோயர்கேம்ப் மணிமண்டபம் 2013-ல வந்தது. அதுக்கு எவ்வளவோ முன்னாடியே எங்க பக்கம் வீடுகள்ல அவர் படம் மாட்டியாச்சு. பாலார்பட்டியில அவர் பேர்ல பொங்கல் வைக்கிறாங்க. எங்க அப்பத்தா வீட்டுல முருகன் காலண்டருக்கும் தாத்தா போட்டோவுக்கும் நடுவுல மீசை வெச்ச இந்தத் துரை இருந்தார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியாத்துத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி அந்த நிலம் என்னவா கிடந்துச்சுன்னு அவங்க மாமியார் சொல்லிக் கேட்டது மட்டும் தெரியும். உங்க பாடப் புத்தகத்துல தாது வருஷப் பஞ்சம்னு நாலு வரியில முடிச்சிருப்பாங்க.

எங்க சித்தப்பா பையனுக்குப் பேரே பென்னிகுவிக். காலேஜ்ல முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வகுப்பே சிரிச்சிருக்கு. எடுத்த வாத்தியாரும் சேர்ந்து சிரிச்சாராம். "உங்க வீட்டுல யாரு தம்பி கவர்னர்?"னு கேட்டாராம். அன்னையிலேர்ந்து அவன் பேரைச் சுருக்கி எழுத ஆரம்பிச்சுட்டான். அப்பன் பெருமையா வெச்ச பேரு. அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு அந்த வகுப்புச் சிரிப்புதான் கேட்டுச்சு.

சரி, கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும்.

"அவன் சம்பளத்துக்கு வேலை பார்த்த இன்ஜினீயர்." ஆமா. இப்பவும்தான் சம்பளத்துக்கு இன்ஜினீயர்கள் இருக்காங்க.

"வரி வசூலுக்காக பிரிட்டிஷ்காரன் கட்டினது." ஆமாங்க, தண்ணி விட்டா எவ்வளவு வரி தேறும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டினான். தர்மத்துக்கா கட்டுவான்? ஆனா மேற்க ஓடிக் கடல்ல விழுந்துட்டிருந்த ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பினது கணக்குப் புத்தகம் இல்ல. 1887-லேர்ந்து 1895 வரைக்கும் காட்டுக்குள்ள, கட்டக் கட்ட வெள்ளம் அடிச்சுட்டுப் போக, திரும்பக் கட்டினாங்க.

"அந்த யோசனையே நம்ம சேதுபதி மன்னரோட பிரதானி முத்திருளப்ப பிள்ளையோடதுதானே?" சரிதான். நூறு வருஷம் முன்னாடியே ஆள் அனுப்பிப் பார்த்தார், செலவு தாங்காதுன்னு விட்டாங்க. அவருக்கும் சிலை வைங்க. முதல் மாலை என்னோடது.

"மனைவி நகையை வித்து அணை கட்டினார்னு கதை விடுறீங்களே?" நான் விடல. அதுக்கு ஆதாரமா ஒரு காகிதத்தையும் நான் பார்த்ததில்ல. பணம் அரசாங்கப் பணம், அதாவது நம்ம பாட்டன் கட்டின வரி. ஆனா நகையை வித்திருந்தாத்தான் கும்பிடலாம்னு யார் சட்டம் போட்டது?

கேரளத்து நண்பர்கள் அணை உடையும்னு இங்க ஆரம்பிக்க வேணாம். உச்ச நீதிமன்றம் 2014-ல 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு சொல்லியாச்சு. இது வேற பதிவு.

இன்னொண்ணு கேக்குறேன். மெரினாவுல போப் நிக்கிறார், கால்டுவெல் நிக்கிறார், வீரமாமுனிவர் நிக்கிறார். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெச்ச சிலைங்க. மூணு பேரும் மதம் பரப்ப வந்தவங்கதான். அவங்க முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப் போட்டா உங்களுக்கு அது தமிழ்ப்பற்று. எழுத்துக்குச் செஞ்சவனைக் கும்பிட்டா பற்று, வயலுக்குச் செஞ்சவனைக் கும்பிட்டா அடிமைப் புத்தி. கும்பிடுறவன் வேட்டியில சேறு இருக்குறதுதான் உங்களுக்கு உறுத்துது. வேற ஒண்ணுமில்ல. சொல்லிட்டேன்.

இங்கிலாந்துல கேம்பர்லியில 2022-ல பென்னிகுவிக்குக்கே இன்னொரு சிலை வெச்சாங்களே, அதைக் கேளுங்க, நானும் கூட வர்றேன். யார் வெச்சது, எதுக்கு வெச்சது? அந்த ஊர்க்காரன் கேட்டு வெச்சதா? தேனிக்காரன் டிக்கெட் எடுத்துப் போய் மாலை போடுவானா? அது தமிழ்நாட்டு அரசு எங்க ஓட்டுக்காக வெச்ச சிலை. ஆனா அதைப் பத்தி ஒரு வீடியோ வராது. கிண்டலுக்குக் கிடைச்சது செருப்பைக் கழட்டி வெச்ச கிழவர்தான்.

நிஜமாவே உங்களுக்குக் கோபம் வரணும்னா ஒண்ணு சொல்றேன். அந்த அணையில கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, மலேரியாவுலயும் காலராவுலயும் செத்தவங்க நானூறு பேருக்கு மேல. அணைக்குப் பக்கத்துலயே, காட்டுக்குள்ள புதைச்சிருக்கு. அதுல எத்தனை பேர் பேர் நமக்குத் தெரியும்? மணிமண்டபத்துக்குப் போனவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தக் கல்லறை இருக்குறதே தெரியும்? துரை சிலைக்குப் பக்கத்துல அந்தக் கூலிக்காரங்க பேரை, கிடைச்ச வரைக்கும், கல்லுல வெட்டி வைங்கன்னு கேளுங்க. மனு எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடுறேன். சித்தப்பா மகனையும் முழுப் பேர்ல போடச் சொல்றேன்.

அந்தப் பெரியவர் வீடியோவை மட்டும் எடுத்துடுங்க. அவரைக் கேட்டுட்டா எடுத்தீங்க?